மூன்றரைக் கிலோ

ஜனவரி 20, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. நாலு மாதம், இரண்டு விண்ணப்பம். முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் நான்தான். "இறகு" என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்தப் பறவை, கழுவியதா பச்சையா, சோதனை முடிந்ததும் மிச்சத்தை என்ன செய்வீர்கள், எதையும் சொல்லவில்லை. பதினோரு வருடமாக இந்தக் கம்பெனியின் ஏற்றுமதி, இறக்குமதிக் காகிதங்களைப் பார்க்கிறவள் செய்யக்கூடிய தப்பா அது. இரண்டாம் முறை ஒன்றுவிடாமல் எழுதினேன். வியட்நாமிலிருந்து அறுபது கிலோ பச்சை வாத்து இறகு. விற்க அல்ல, தீவனத்துக்கு அல்ல, எங்கள் மெஷினைச் சோதிக்க மட்டும்.

நாங்கள் செய்வது இறகை ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, அரைத்து மாவாக்கும் மெஷின். கோயமுத்தூர்க் கோழி இறகில் நன்றாக ஓடுகிறது. வியட்நாம்காரர்களுக்கு அது போதவில்லை. வாத்து இறகில் எண்ணெய்ப் பசை அதிகம், எங்கள் இறகிலேயே ஓட்டிக் காட்டுங்கள், சரியாக வந்தால் மூன்று மெஷின் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு வருடமாகப் பட்டறை பாதி நாள்தான் ஓடுகிறது. இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

அனுமதியில் பதினோரு நிபந்தனை. தமிழில் பெரிய எழுத்தில் எழுதி சரக்கறைக் கதவில் ஒட்டினேன். முதலாளி நாச்சிமுத்து அய்யா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்ன அம்மிணி, பத்தாங்கிளாஸ் பாடமாட்ட இருக்குது" என்றார். மூன்றாவது நிபந்தனைக்கு மேல் படித்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் மகள் மிருதுளா நிஜமாகவே பத்தாங்கிளாஸ் பாடம் படித்துக்கொண்டிருக்கிறாள். கேஸ் தீர்ந்துவிட்டது, பதிவு செய்ய வேண்டும்.

ஜனவரி 29, வியாழன்

சென்னை. காலை ரயிலில் போய்ச் சேர்ந்தேன். விமான நிலையத்துக்கு வந்த ஆறு பெட்டிகளையும் கால்நடைத் துறை மருத்துவர் ஷாகிரா பார்த்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக இருப்பார். ஒவ்வொரு முத்திரையையும் எண்ணோடு ஒப்பிட்டார். வாத்துக்கு நோய் இருந்தாலும் வெளியே தெரியாது, நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும், அதன் இறகிலிருந்து கோழிக்குப் போனால்தான் தெரியும், அப்போது பண்ணையே காலியாகியிருக்கும் என்றார். எங்கள் பட்டறையைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் எத்தனை கோழிப்பண்ணை என்று கேட்டார். எண்ணியதில்லை என்றேன். பல்லடம் பக்கம், நூற்றுக்குமேல் இருக்கும்.

நிபந்தனைகளுக்கு நான் பொறுப்பு என்ற உறுதிமொழித் தாளைத் திருப்பி என்னிடம் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே? எதாவது ஆச்சுன்னா நான் கம்பெனிக்கு போன் பண்ண மாட்டேன். உங்களுக்குத்தான் பண்ணுவேன்."

சரி என்றேன். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடமில்லை. ஈரோடு வரை நின்றேன்.

பிப்ரவரி 2, திங்கள்

பெட்டிகள் மூடிய வண்டியில் வந்தன. எடை 60.2. குறித்தேன், கையெழுத்திட்டேன்.

யார் வீட்டில் கோழி, புறா, கிளி வளர்க்கிறீர்கள் என்று எல்லோரையும் கேட்டேன். அவர்கள் இந்தச் சரக்கைத் தொடக்கூடாது, அது ஆறாவது நிபந்தனை. ஃபோர்மேன் ஆரோக்கியசாமி மெதுவாகக் கையைத் தூக்கினார். வீட்டில் ஏழு நாட்டுக்கோழியாம். அவர் இல்லாமல் மெஷினை ஓட்ட முடியாது. சாயங்காலமே ஏழையும் சோமனூரில் மச்சினி வீட்டில் விட்டுவிட்டு, கூண்டைக் கழுவி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். சம்சாரம் பேசவில்லையாம்.

பிப்ரவரி 5, வியாழன்

முதல் ஓட்டம். பத்துக் கிலோ போட்டார்கள். ஆவி வால்வு கசிந்தது. நூற்றுமுப்பது டிகிரி வர வேண்டிய இடத்தில் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஆனாலும் உலர்த்தியையும் அரவையையும் சோதித்துவிடலாம் என்று ஆரோக்கியசாமி மிச்சப் பகுதிகளையும் ஓட்டினார். வந்தது வேகாத இறகின் தூள். பார்க்க மாவு மாதிரித்தான் இருந்தது. 8.1 கிலோ. சாக்கில் கட்டி "ஓட்டம் 1" என்று அட்டை கட்டினேன்.

மூன்று மணிக்கு மிருதுளா பள்ளியில் பெற்றோர் கூட்டம். கணக்கில் கவனம் போதாது என்றார்கள். வீட்டுக்காரருக்குக் கல்லூரி பஸ் ஓட்டும் நேரம், வர முடியவில்லை.

பிப்ரவரி 7, சனி

இரண்டாவது ஓட்டம் நாற்பது கிலோ. வால்வு புதிது. நூற்றுமுப்பத்தெட்டு டிகிரி, அரை மணி நேரம், துளி கசிவில்லை. நல்ல பழுப்பு மாவு. வீடியோ எடுத்து வியட்நாமுக்கு அனுப்பினோம். அங்கே இதைப் பார்க்கும் திருமதி லான் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டுவிட்டார், மிகவும் திருப்தி என்று. முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

பார்க்க பூபதி அண்ணனும் வந்திருந்தார். முதலாளியின் மச்சினர், அவர் மனைவி ருக்மணியின் தம்பி. சுல்தான்பேட்டையில் மூன்று செட்டில், அதாவது கொட்டகையில், ஒன்பதாயிரம் கறிக்கோழி வளர்க்கிறார். போன வருடம் என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர்தான். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, இந்த மாவில் புரதச் சத்து எவ்வளவு என்று கேட்டார். எண்பது சதவீதம் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் கட்டி வைக்க வேண்டும். புதன்கிழமை எரிக்க அனுப்புகிறோம். அதோடு என் வேலை முடிந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. இட்லிக்கு மாவு அரைத்தேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நேற்று எழுத ஒன்றுமில்லை என்று எழுதியது பொய்.

நேற்று நாலு மணிக்குச் சாக்குகளை எடை போட்டேன். இரண்டாவது ஓட்டத்து மாவு சரி, மிச்சமிருந்த பச்சை இறகு சரி. முதல் ஓட்டத்துச் சாக்கு 4.6. எட்டு புள்ளி ஒன்று இருக்க வேண்டியது. தராசு தப்பு என்று நினைத்தேன். கேன்டீனிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். ஐந்துதான் காட்டியது. சாக்கின் கட்டு என் கட்டு இல்லை. நான் இரண்டு முடிச்சுப் போடுவேன், இதில் ஒன்று.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பூபதி அண்ணன் மாவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் சாம்பார் சாதத்தில் கை வைத்திருந்தேன். சரக்கறைச் சாவியை மேசையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சாவி என்னைத் தவிர யாரிடமும் போகக்கூடாது என்பது ஒன்பதாவது நிபந்தனை. கோழி வளர்க்கிறவர் தொடக்கூடாது என்ற ஆறாவதும் அதோடு போனது. தமிழில் எழுதி ஒட்டியவள் நானே.

இழப்பு எதுவானாலும் தெரிந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதாவது இன்று மாலை நாலு மணி.

காலை பத்து மணிக்கு பூபதி அண்ணனுக்கு போன் செய்தேன். ஒளிக்கவே இல்லை. ஆமாம், ஒரு பை எடுத்துப்போனேன், ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது செட்டுக்குத் தீவனத்தில் கலந்துவிட்டேன், மூவாயிரம் கோழிக்கு, எப்படி எடை போடுகிறது என்று பார்க்கலாமென்று, என்றார். எந்தச் சாக்கிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஓட்டம் ஒண்ணுன்னு அட்டை கட்டியிருந்துதுங்க அம்மிணி. மொதல்ல ஓட்டினது, அதுதான் நல்லதா இருக்கும்னு எடுத்தேன்."

"அண்ணா, அது வேகாததுங்க."

வேகாததில் நோய்க்கிருமி இருந்தால் சாகாமல் அப்படியே இருக்கும். அட்டையில் "வேகாதது" என்று ஒரு வார்த்தை நான் சேர்த்து எழுதியிருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோழிகளை ஏற்ற வியாபாரி வண்டி வருகிறதாம். ஒரு கோழிகூட வெளியே போக வேண்டாம் அண்ணா என்றேன். மாமாவிடம் பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பதினொன்றரைக்கு முதலாளி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணரைக் கிலோ. ஈரம் காஞ்சு எடை கொறைஞ்சு போச்சுன்னு எழுது அம்மிணி. ஒலகமே நம்பும்."

அது உண்மை. நம்புவார்கள். உலர்த்திய பொருள் எடை குறைவது சாதாரணம். கேட்டால் நானே விளக்கம் எழுதிக் கொடுக்க முடியும்.

அய்யா, அந்தக் கோழி ஞாயிற்றுக்கிழமை எந்தெந்தக் கடைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது, அந்த வண்டி அடுத்து எந்தப் பண்ணைக்குப் போகும் என்றும் தெரியாது என்றேன். அவர் ஜன்னல் வழியாகப் பட்டறையைப் பார்த்தார். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவங்க முகத்தையும் பாத்துட்டு முடிவு பண்ணு என்றார். காலையில் சொல் என்றார். காலை வரை நேரமில்லை என்று நான் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை கிழித்தேன். மூன்றாவதில் எல்லாம் இருந்தது: எடை, முடிச்சு, ஐம்பத்தைந்து டிகிரி, அரைகுறை அட்டை, நான் கொடுத்த சாவி, பண்ணையின் முகவரி. முதலாளி சொன்னதை எழுதவில்லை. அது இழப்பைப் பற்றியது அல்ல.

மூன்று முப்பத்தைந்துக்கு அனுப்பிவிட்டு, ஷாகிரா டாக்டருக்கு போன் செய்தேன். மூன்றே கேள்வி கேட்டார். எத்தனை கோழி, எப்போது தின்றன, எதுவும் வெளியே போனதா. பிறகு, "நீங்க அங்கயே இருங்க" என்றார்.

பிறகு முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி 11, புதன்

பண்ணையை மூடிவிட்டார்கள். இருபத்தோரு நாள். ஒரு கோழி வெளியே போகக்கூடாது, ஒரு ஆள் உள்ளே வரக்கூடாது. பூபதி அண்ணனும் இரண்டு வேலைக்காரர்களும் உள்ளேயே தங்க வேண்டும். கோழிகளின் ரத்தமும் தொண்டைச் சளியும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எங்கள் சரக்கறைக்கும் வந்து மறுபடி எடை போட்டுச் சீல் வைத்தார்கள்.

திருமதி லானுக்கும் எழுதினேன். அவர்கள் அனுப்பிய இறகு, அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

முதலாளி என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, சனி

ஒருவரும் திட்டவில்லை. கேன்டீனில் நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். ஆரோக்கியசாமி மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவருடைய பெரிய பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதம் இது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வால்வை நான் முன்னாடியே மாற்றியிருக்க வேண்டும் மேடம் என்றார்.

வேலை போனால் என்ன செய்வது என்று வீட்டில் இவர் கேட்டார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

பிப்ரவரி 16, திங்கள்

பூபதி அண்ணன் போன் செய்தார். இரண்டாவது செட்டில் எட்டுக் கோழி செத்துக் கிடக்கிறதாம்.

துறைக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொல்லிவிட்டேன், வருகிறார்கள் என்றார். அதற்குப் பிறகும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பதினேழு. இரண்டாவது செட்டில்தான்.

மிருதுளாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். அம்மா, அதே கணக்கை மூணு தரம் படிக்கிறீங்க என்றாள்.

பிப்ரவரி 18, புதன்

பதினொன்று பத்துக்கு ஷாகிரா டாக்டர் கூப்பிட்டார். சொன்னபடி எனக்குத்தான். முதல் பரிசோதனையில் நோய் இல்லை. செத்தவையும் அறுத்துப் பார்க்கப்பட்டன. வெயிலும் அளவுக்கு மீறிய எடையும்தான் காரணம், அந்தச் செட்டில் விற்கிற எடைக்கு வந்தும் ஏற்றாமல் நிற்கிற கோழிகள் காலும் நெஞ்சும் தாங்காமல் விழுகின்றன என்றார். தடை நீங்கவில்லை. இரண்டாவது பரிசோதனை வரை இருக்கும்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, மதுரைக்குப் போக வேண்டிய உதிரிப் பாகங்களின் பட்டியலை முடித்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்று நினைத்து மேசையைச் சுத்தமாக்கிவிட்டுத்தான் போனேன்.

அவர் கையில் என் கடிதத்தின் நகல் இருந்தது. துறையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். பலமுறை படித்த மாதிரி மடிப்புகள் நைந்திருந்தன.

"சாவிய நீ குடுத்தது எனக்கே தெரியாது. பூபதியும் சொல்லுல. அத எதுக்கு எழுதின?"

"எழுதாம விட்டா, அவர் பூட்டத் தொறந்து திருடின மாதிரி ஆயிருமுங்கய்யா. அவர் கேட்டுத்தான் எடுத்தார்."

கடிதத்தை மறுபடி புரட்டினார். "நான் உங்கிட்டச் சொன்னது எதுவும் இதுல இல்லியே" என்றார். எது என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கொள்ளாதவள் போல நின்றேன். அப்புறம் டீ கொண்டுவரச் சொன்னார், இரண்டு.

பிப்ரவரி 26, வியாழன்

சரக்கறைக்கு இரண்டு பூட்டு போட்டோம். ஒரு சாவி என்னிடம், ஒன்று ஆரோக்கியசாமியிடம். இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் திறக்கும். கேமராவும் வைத்தாயிற்று. புது அட்டைகள் அச்சடித்தேன். எந்தப் பொருள், எத்தனை டிகிரியில் வெந்தது, அல்லது வேகாதது, எல்லாவற்றுக்கும் கட்டம். யாரும் செய்யச் சொல்லவில்லை.

மாலை பூபதி அண்ணனுக்கு மாத்திரை வாங்கிப் பண்ணை வாசலில் இருக்கிற காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சர்க்கரைக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் தாடியோடு நின்று கையைத் தூக்கினார்.

மார்ச் 5, வியாழன்

இரண்டாவது பரிசோதனையிலும் நோய் இல்லை. தடை நீக்கம். ஆனால் அந்தக் கோழிகளை மனிதர் சாப்பிட விற்கக்கூடாது என்று இரண்டாவது செட்டை மட்டும் அழித்துவிட்டார்கள். மூவாயிரம். மற்ற இரண்டு செட்டும் பாதி விலைக்குப் போகின்றன.

பட்டறையில் இருந்த மாவு, இறகு, சாக்கு, கையுறை எல்லாம் இன்று எரிக்கப்பட்டன. நானும் ஒரு அதிகாரியும் உலைக்கு முன்னால் நின்று சான்றிதழ் வாங்கினோம்.

மார்ச் 12, வியாழன்

சென்னையில் விசாரணை. முதலாளியும் நானும். ஷாகிரா டாக்டரும் அவருடைய மேலதிகாரியும் இருந்தார்கள். பத்து நிமிடத்தில் என் பகுதி முடிந்துவிட்டது. கடிதத்தில் இருப்பதையே சொன்னேன். வேறு எதாவது சொல்ல வேண்டுமா என்று மேலதிகாரி கேட்டார். இல்லை என்றேன்.

நாச்சிமுத்து அய்யா எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு இருக்குதுங்க. ஈரத்துல எடை போச்சுன்னு எழுதச் சொன்னது நானுங்க. இந்தப் புள்ள மாட்டேன்னுது. அத எழுதாம விட்டதும் இந்தப் புள்ளதான். அது உங்க பதிவுல இருக்கோணும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரி எழுதுகிற சத்தம் கேட்டது. ஷாகிரா டாக்டர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ரயிலில் அய்யா தயிர்சாதம் வாங்கினார், எனக்கும் சேர்த்து. சேலம் தாண்டியதும், "ருக்மணிக்கு அவன் ஒரே தம்பி" என்றார். தெரியும் அய்யா என்றேன்.

மார்ச் 16, திங்கள்

உத்தரவு வந்தது. கம்பெனிக்கு எச்சரிக்கை. ஆறு மாதத்துக்குச் சோதனைக்கென விலங்குப் பொருள் எதையும் இறக்குமதி செய்யக்கூடாது. இழப்பைத் தானாகவே உரிய நேரத்தில் தெரிவித்ததால் நிரந்தரத் தடை இல்லை. எனக்குத் தனியாக ஒரு எச்சரிக்கைக் கடிதம், சாவிக்காக. நியாயம்தான்.

திருமதி லானும் எழுதியிருக்கிறார். மூன்று மெஷின் இல்லை. இரண்டாவது ஓட்டத்தின் முடிவை வைத்து ஒன்றை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற இரண்டும் எங்கள் அடுத்த சோதனைக்குப் பிறகு, அதுவும் அதன் எல்லாக் காகிதங்களும் அவர்கள் கைக்கு வந்த பிறகு.

முதலாளியே பட்டறைக்கு நடுவில் நின்று இருபத்திரண்டு பேரிடமும் சொன்னார். ஒரு மெஷின் வேலை ஆறு மாதத்துக்கு இழுக்கும், யாரையும் நிறுத்தவில்லை, ஆனால் ஓவர்டைம் கிடையாது என்றார். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆரோக்கியசாமி மறுபடி வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

மதியம் பூபதி அண்ணன் வந்தார். தாடி எடுத்திருந்தார், மெலிந்திருந்தார். இரண்டாவது செட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, அடுத்த வாரம் குஞ்சு இறக்குகிறேன் என்றார். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்றும் சொன்னார். இருந்தது என்றா, இருக்கிறது என்றா என்று சரியாகக் காதில் விழவில்லை. திருப்பிக் கேட்கவில்லை.

செப்டம்பர் 16 முதல் மறுபடி விண்ணப்பிக்கலாம். படிவத்தை இன்றே நிரப்பிவிட்டேன். வாத்து இறகு, பச்சை, அறுபது கிலோ, சோதனைக்கு மட்டும். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். தேதி மட்டும் போடவில்லை.